காலி இருக்கையின் வாக்கு

அக்டோபர் 9, 1984, செவ்வாய்

இன்று அப்பாவிடம் சாவியைப் பற்றிச் சொல்லவில்லை.

சூப் ஆறியது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வியாழன் பாரிஸ் நாடாளுமன்றத்தில் எங்கள் உருக்காலையை மூடும் திட்டம் வாக்கெடுப்புக்கு வருகிறது. "வோத்ரோ அதுக்கு ஒத்துக்க மாட்டார்மா. அன்னிக்கு ஆலை வாசல்ல நம்மகூட நிக்கிறேன்னு சொல்லிட்டார். அவர் பேச்சுக்கு நான் ஜாமீன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

வோத்ரோ வக்கீலாக இருந்த காலத்தில், வேலைநிறுத்த வழக்கில் அப்பாவைச் சிறையிலிருந்து மீட்டவர். இப்போது ஆளும் சோஷலிஸ்ட் கட்சியின் சபை உறுப்பினர்; ஆலையை மூடும் திட்டமும் அந்தக் கட்சி அரசுடையதுதான். நான் அவருடைய காரியதரிசி. சபையில் ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு சின்னச் சாவி, திருப்பினால் வாக்கு. வராதவர்கள் சாவியை விட்டுப்போவார்கள். கட்சித் தோழர் ஒருவர் வரிசையாகத் திருப்பிக்கொண்டே போவார். எல்லாக் கட்சியிலும் இதுதான் வழக்கம். அவர் ஊருக்கு வந்துவிட்டால் மட்டும் அவருடைய வாக்கு நின்றுவிடாது.

வோத்ரோவுக்குத் தெரியாதா என்ன?

அக்டோபர் 12, வெள்ளி

வோத்ரோவிடம் கேட்டேவிட்டேன். "சாவியை எடுத்துட்டு வருவீங்கதானே?"

சிரித்தார். "எடுத்தா கட்சிக்கு எதிரா கலகம், ஒதில். விட்டுட்டு வந்தா வெறும் வெளியூர்ப் பயணம்."

"ஆளுங்க கேட்டா?"

"அவங்களுக்கு நான் வந்தாப் போதும். வர்றேன்ல?"

அப்பாவிடம் இன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்? — இது இரக்கமா, கோழைத்தனமா? என் சம்பளமும் அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறது.

அக்டோபர் 18, வியாழன்

மழை. வந்தார். சபை உறுப்பினருக்கான மூவண்ணப் பட்டையை மார்பில் போட்டுக்கொண்டு நான்கு மணிநேரம் நின்றார்.

"என்ன தோழரே, பாரிஸ் செருப்பு எங்க ஊர் சேத்துல மாட்டிக்கிச்சா?" என்றார் காசிமிர். அப்பாவோடு உலையில் வேலை செய்பவர்.

"மாட்டிக்கிட்டா நல்லதுதானே? இங்கயே இருந்துடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அவருக்குக் குடை பிடித்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை வானொலியில்: திட்டம் நிறைவேறியது.

அக்டோபர் 20, சனி

வாக்களித்தவர்களின் பெயர்கள் அரசிதழில் வந்துவிட்டன. காபிக் கடையில் காசிமிர் உரக்கப் படித்தார். ஆதரவுப் பட்டியலில் — வோத்ரோ.

"அச்சுப்பிழையா இருக்கும். நாலு மணிக்கு அவர் என் குடைக்குள்ள நின்னார்யா!" என்றார் அப்பா.

"ஏன் லூசியான், ஜாமீன் குடுத்தவன்தான இப்ப உள்ள போகணும்?" என்று அப்பாவைக் கேட்டார் காசிமிர்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார். "இது எப்படிம்மா?"

சொன்னேன். சாவி, வழக்கம், எல்லாம்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்பா."

திட்டியிருக்கலாம். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா குடித்த காபிக்குக் காசிமிர்தான் காசு கொடுத்தார்.

அக்டோபர் 23

அப்பா பேசவில்லை. நான் வேலைக்குப் போனேன்.

ஜூன் 12, 1988, ஞாயிறு

ஆலை இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. இன்று தேர்தலின் இரண்டாம் சுற்று. மிஞ்சியவர்கள் இருவர்: வோத்ரோ, பிறகு பழைய ஆலை முதலாளிகளின் ஆள்.

அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டார். வாக்குச்சாவடிப் படியேற மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேற யாருக்குப் போடறது, சொல்லு?" என்றார் திரும்பி வரும்போது.

வோத்ரோவுக்கே போட்டோம், இருவரும். அவர் ஜெயித்துவிட்டார்.