மாடி ரூம் ரெடி

ஜனவரி 20, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் கணக்குத் தாள்கள் முப்பத்தொன்றும் திருத்தி முடித்தாயிற்று. கடைசித் தாளின் பின்பக்கத்தில் என்னைப் பென்சிலில் வரைந்திருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடி, கொண்டை, கையில் கத்தி மாதிரி ஒரு சிவப்புப் பேனா. கீழே என் பட்டப்பெயர்: அரை மார்க். மூக்கு நன்றாக வந்திருந்தது. கொண்டைக்கு வேண்டுமானால் அரை மார்க் குறைக்கலாம்.

மதியம் ஆபீசில் கூப்பிட்டு ஓய்வுக் காகிதத்தைக் கொடுத்தார்கள். ஜூன் 27 எனக்குக் கடைசி வேலை நாள். ஜூலை 31-க்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இங்கே பாடம் நடத்துகிறேன். வேலை இருக்கும் வரைதான் விசா. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தேதியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஊரில் இருக்கிற தம்பிக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? அதான் மாடி ரூம் ரெடியா இருக்கே!"

ஜனவரி 26, ஞாயிறு

தம்பி மாடி ரூமைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். புதுசாகப் பச்சைப் பெயின்ட். ஒரு கட்டில். கட்டிலைச் சுற்றி நாலு பெஞ்சு. எதிர்ச் சுவரில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கரும்பலகை.

"தெருவுல சொல்லிட்டேன்க்கா. பதினாலு பேர் டியூஷனுக்குப் பேர் குடுத்துட்டாங்க. உனக்கும் பொழுது போகணும்ல?"

அவன் மனசு தங்கம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்குத் தூங்குகிற இடத்திலும் கரும்பலகையா? கண் முழித்ததும் எதிரே பதினாலு தலையா?

"பெயின்ட் நல்லா இருக்குடா" என்றேன். கோழை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நான் ஊருக்குப் போகப் போவதில்லை. இன்னொரு நாட்டுக்குப் போகப் போகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனோமே, அந்தத் துறைமுக ஊர். தெருவே படிக்கட்டாக இருக்கும். காலை ஏழு மணிக்கு ஊர் நீச்சல் குளத்தில் என் வயசுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். நீந்தினார்கள் என்பதைவிட ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீர் அடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் கரையில், நாற்பது பிள்ளைகளின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஓய்வு பெற்றவர்களை அந்த நாட்டில் குடியிருக்க விடுகிறார்கள். அந்த மொழியில் பரீட்சை மட்டும் பாஸ் பண்ண வேண்டும். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று. எங்கள் பள்ளியில் என்னைத் தவிர இருக்கிற ஒரே தமிழ்க்காரி பூகோள டீச்சர். பூகோளம் என்றே கூப்பிடுவேன். உலக வரைபடம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். பஸ் ஸ்டாப்பிலிருந்து சொந்த வீட்டுக்கு வழி தெரியாது. அவள் போன வருஷமே பாஸ். அவளுக்கும் இந்த வருஷம் ஓய்வு, ஜூலையில் அங்கேதான் போகிறாள். பக்கத்து வீட்டையும் எனக்காகச் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஜூலை 31-க்குள் நானும் பாஸ் ஆனால் அந்த வீடு. இல்லையென்றால் கரும்பலகை.

மார்ச் 15, சனி

பரீட்சை எழுதிவிட்டேன்! பேச்சுத் தேர்வில் கொஞ்சம் உளறினேன். எழுத்துத் தேர்வு ஜோர். இருபது நிமிஷம் முன்னாலேயே முடித்து, நிதானமாகச் சரிபார்த்து, திருப்தியாகக் கொடுத்துவிட்டு வந்தேன். பூகோளத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெயில்.

பெயில்கூட இல்லை. 'செல்லாது.' விடைத்தாளில் சிவப்பு மை இருந்ததாம். சிவப்பு மை திருத்துகிறவர்களுக்கு மட்டும்தானாம்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தேர்வு ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா தாளைத் தேடி எடுத்து, சின்னக் குழந்தையிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"உங்க பேப்பரை நீங்களே திருத்தியிருக்கீங்க. தப்புக்கெல்லாம் வட்டம் போட்டு, ஓரத்துல சரியான விடையும் எழுதி, கடைசியில நாற்பதுக்கு இருபத்தொன்பதரைன்னு மார்க் போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

ஐயோ. ஆமாம். சரிபார்க்கிறேன் பேர்வழி என்று... கை தானாகப் பைக்குள் போயிருக்கிறது. கையெழுத்து வேறு!

அந்த அம்மா போனை வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். எங்க ஆளு திருத்தியிருந்தா முப்பத்தஞ்சு போட்டிருப்பாரு" என்றார்.

பிள்ளைகள் வைத்த பேர் சரியான பேர்தான். எனக்கே நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

பூகோளத்திடம் சொன்னேன். அவள் ஸ்டாஃப் ரூம் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மே 24-ல இன்னொரு பரீட்சை இருக்கு. அதான் உனக்குக் கடைசி பஸ். எழுது, போ" என்றாள்.

மே 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன். உளறிவிட்டேன் என்பதே சரி.

தம்பி, "ஜூலை பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுடவாக்கா?" என்று கேட்டான். வேண்டாம்டா என்றேன். ஏன் என்றான். எல்லாம் கொட்டிவிட்டேன்: ஊர், படிக்கட்டு, நீச்சல் குளம், பரீட்சை.

அப்புறம், "அக்காவை வச்சுக் காப்பாத்தத் துப்பில்ல, துரத்திட்டான்னு பேசுவாங்க. தெரியுமா உனக்கு?" என்றான். குரல் உடைந்துவிட்டது. "எனக்காகவாவது வரக் கூடாதா?"

உனக்காக வருவேன்டா, டியூஷனுக்காக வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். இப்போது பரீட்சையிலும் கோட்டை விட்டால், அவன் வீட்டு மாடிப் படியேறிப் போய் எந்த முகத்தோடு நிற்பேன்?

மே 5, திங்கள்

அழுதது போதும். படி.

மே 24, சனி

தேர்வு மண்டப வாசலிலேயே பூகோளம் என் பையைப் பிடுங்கிக் கொட்டினாள். காப்பியடிக்கிற பிள்ளையைச் சோதிக்கிற மாதிரி அறை அறையாகத் தடவி, மூன்று சிவப்புப் பேனா எடுத்தாள். மூன்றாவது எப்படி வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. உள்ளே வந்து பார்த்தால் கொண்டையில் நாலாவது! எடுத்துக் கண்காணிப்பாளர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னையும் பேனாவையும் பார்த்துவிட்டு, "டீச்சரா?" என்றார்.

எழுத்துத் தேர்வு முடிந்ததும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். என்னை நம்ப முடியாது.

பேச்சுத் தேர்வில் ஒரே கேள்விதான் பெரிய கேள்வி: ஏன் எங்கள் நாட்டில் வாழ ஆசைப்படுகிறீர்கள்? அதற்கு ஒரு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இயற்கை அழகு, பண்பாடு, அது இது. வாயைத் திறந்தால் வேறு வந்தது. பெரிய வார்த்தை எதுவும் நினைவுக்கு வராததால் சின்னச் சின்ன வார்த்தையாகவே சொன்னேன்.

"எல்லாருக்கும் நான் சொல்லிக் கொடுத்தேன். முப்பத்து நாலு வருஷம். எனக்கு நீந்தத் தெரியாது. இனி நான் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே நான் டீச்சர் இல்லை."

கேட்டவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்லதா கெட்டதா?

ஜூன் 18, புதன்

பாஸ்! பாஸ்! பாஸ்!

எழுத்தில் நாற்பதுக்கு முப்பத்தேழு. பேச்சில் முழு மார்க். முழு மார்க்! நானாயிருந்தால் போட்டிருக்க மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பூகோளம் என்னைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் நாற்காலியோடு சரிந்தோம்.

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான். பதில் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

கடைசி நாள். ஒன்பதாம் வகுப்பு 'பி' எனக்குப் பரீட்சை வைத்தது. பலகையில் பத்துக் கணக்கு. என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, நீலப் பேனா கொடுத்து, பேசாமல் எழுதச் சொன்னார்கள். திருத்தி வந்த தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை.

"அரை மார்க் எங்கே?" என்று சண்டைக்குப் போனேன்.

முப்பத்தொரு பேரும் ஒரே குரலில் என் வசனத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்: "இன்னும் நல்லா பண்ணலாம்!"

சிரித்துச் சிரித்து அழுகை வந்துவிட்டது. இந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

ஜூலை 26, சனி

வந்துவிட்டேன். தெருவிலிருந்து என் வீட்டுக்கு அறுபத்து மூன்று படி. கீழே ஒரு அறையும் சமையலறையும், மேலே ஒரு சின்ன அறை. மேலே ஜன்னலைத் திறந்தால் கப்பல் கண்ணில் முட்டுகிறது. பூகோளம் பக்கத்து வீடு. கடைக்குப் போனவளை இரண்டு முறை தேடிப் போய் அழைத்து வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பியிடமிருந்து இன்றும் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று காலை ஏழு பத்துக்கு, கம்பியைப் பிடிக்காமல், குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை குறுக்கே நீந்தினேன். குடித்த தண்ணீர் கணக்கில் சேராது. தலையைத் தூக்கினால் கரையில் அத்தனை பெண்களும் கை தட்டுகிறார்கள். நீச்சல் சொல்லித் தருகிற பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "காலை இன்னும் நல்லா அடிக்கலாம்" என்றாள். சரிங்க டீச்சர் என்றேன். எவ்வளவு சுகமாக இருந்தது அதைச் சொல்ல!

ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தால் போன் அடிக்கிறது. தம்பி.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இருமிக்கொண்டோம். பிறகு அவனே ஆரம்பித்தான். டியூஷனுக்குப் பேர் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நின்றார்களாம். வேறு வழியில்லாமல் அவன் பெண்டாட்டியே மாடிக்குப் போய்ச் சாக்பீஸைக் கையில் எடுத்தாளாம். இப்போது இருபத்திரண்டு பேர் வருகிறார்களாம்.

"அவ கணக்குல இவ்வளவு கெட்டிக்காரின்னு எனக்கே தெரியாதுக்கா. கட்டிலைக்கூடக் கீழ இறக்கிட்டா. இடம் பத்தலையாம்."

"நீ அவளைக் கேட்டிருக்கணும்டா" என்றேன்.

"கேட்டிருக்கணும்தான். உன்னையும்." அப்புறம் கொஞ்சம் கழித்து, "ஆமா, அங்க டிசம்பர்ல ரொம்பக் குளிருமா? சும்மாதான் கேட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் பத்து நாள் லீவு வருது."

குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோ என்றேன்.

போனை வைத்ததும் மேலே போனேன். சின்ன அறையைக் கூட்டித் துடைத்தேன். பூகோளத்தின் வீட்டில் சும்மா கிடந்த கட்டிலை இரண்டு பேருமாக இழுத்து வந்து போட்டோம். சுவரில் ஒன்றும் மாட்டவில்லை. ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, கப்பல் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அதன் கீழே மூன்றே வார்த்தை.

மாடி ரூம் ரெடி.