இந்துப்ரியாவின் இரண்டாம் அத்தியாயம்

திருநகர்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் முகேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்க மீனாட்சியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் ஜிலேபியைக் கண்டால் அந்த மனுஷனுக்குக் கை நிற்பதில்லை. இருபது வருஷமாக ஊரார் ஆய்வேட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவள் இப்போது கையால் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. கீபோர்டில் கை வைத்தாலே பயமாக இருக்கிறது, போனில் சொல்லவோ வாய் வரவில்லை.

போன வாரம் எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய், உங்கள் யுனிவர்சிட்டியில் கட்டுரையைக் கொடுக்கும் முன்னால் மாணவர்களே அதை ஒரு சாஃப்ட்வேரில் போட்டுப் பார்க்கலாம், வேறு எங்காவது உள்ள எழுத்தோடு ஒத்துப்போகிற வரியெல்லாம் சிவப்பாகத் தெரியும் என்று. உனக்கு முதலில் இருபத்திரண்டு சதவீதம் வந்ததாகவும், மேற்கோள் குறி போட மறந்த இடத்தைச் சரிசெய்து, மிச்சத்தைச் சொந்த வார்த்தையில் திருப்பி எழுதியதும் ஆறுக்கு இறங்கியதாகவும் சொன்னாய். அது திருடனப் பிடிக்கிற மெஷின் இல்லம்மா, நம்மள நாமளே சரிபாத்துக்கிறதுக்குத்தான் என்றாய். அப்புறம் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். சிக்னல் இருந்ததடா. எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

இந்துப்ரியாவை நினைவிருக்கிறதா, கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி பிஎச்.டி. செய்தவள், நம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக் கொடுப்பாளே. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியதற்கு முந்தின நாள், இரண்டாம் அத்தியாயத்தின் கையெழுத்துத் தாள் மொத்தமும் என் கடையில் காணாமல் போய்விட்டது. அவள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், தொலைத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பழைய ஃபைலில் சிவக்குமார் என்கிற பையனின் ஆய்வேடு இருந்தது, அதுவும் தொழிலாளர்களைப் பற்றித்தான். அதன் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்து, வருஷத்தை மாற்றி ஒட்டிவிட்டேன். முன்னால் யார் யார் என்ன எழுதினார்கள் என்கிற அந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் நினைப்பதுதான். அவள் படித்துப் பார்க்க நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டாள், பைண்டிங் ஆகிப் போய்விட்டது. யுனிவர்சிட்டி லைப்ரரியில் சாஃப்ட்வேரில் போட்டுவிட்டு, முப்பத்தெட்டு சதவீதம் காப்பி என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கடைக்கு ஓடி வந்து, அக்கா, நீங்க எதுவும் சேத்தீங்களா என்று கேட்டாள். இல்லடி, நீ குடுத்தத அப்படியே அடிச்சேன் என்றேன். என்னை நம்பி, விசாரணைக் கமிட்டி முன்னால் நின்று, அது நான் எழுதுனதுதான் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள். பொய்காரி என்று பேர் வாங்கி, படிப்பை விட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து கடையில் யார் அக்கா என்று கூப்பிட்டாலும் அவள் குரலாகவே கேட்கிறது. பிரிண்டரில் தாள் வந்து விழுந்தால் அது அவள் பக்கமாக இருக்குமோ என்று குப்புறவே எடுத்து வைக்கிறேன். இத்தனை வருஷமும் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். திரும்பப் பதிவு செய்து, இந்தத் தடவை தானே லைப்ரரியில் உட்கார்ந்து பழைய அத்தியாயத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். எந்த ஆய்வேட்டோடு ஒத்துப்போகிறது என்று அது காட்டியிருக்கிறது, அதைத் தேடி எடுத்துப் புரட்டினால் நன்றியுரையின் கடைசி வரியில் நம் கடைப் பேர். ஆய்வேடு எழுதுகிற எவரும் அடித்துக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் இருப்பதில்லையே. ஏன்க்கா என்று கூட அவள் கேட்கவில்லை. சண்டைக்கு வரலக்கா, என்ன நடந்துச்சோ அத எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, கமிட்டில காட்டணும் என்றாள். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை. அன்றைக்குத்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைய இழுத்து மூட வச்சுருவாங்க, பேசாம இரு என்கிறார்.

கடைக்காக நான் தயங்கவில்லை முகேஷ். கமிட்டி என் கம்ப்யூட்டரைக் கிண்டினால் உன் காலேஜ் ப்ராஜெக்ட்டும் வரும். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், பத்துப் பக்கம் குறைந்தது, உன்னிடம் கேட்காமல் வேறு யாரோ எழுதியதை நானே எடுத்து ஒட்டி நிரப்பினேன். அதை வைத்துத்தான் அங்கே உனக்கு இடம் கிடைத்தது. உன் முகத்தை நினைத்தால் அழுகையாக வருகிறது. ஆனாலும் இந்துப்ரியாவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறாள். யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

காதை மூடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நல்லா இருக்க வேண்டும், சாமி. இது கையில் கிடைத்ததும் அந்த ப்ராஜெக்ட்டை உன் சாஃப்ட்வேரில் போட்டுப் பார். சிவப்பாக வருவதெல்லாம் உன் அம்மா ஒட்டியது. பார்த்துவிட்டு, என்னோடு பேச மனசு வந்தால் கூப்பிடு.

உன் அம்மா,
முத்துச்செல்வி