ஒவ்வொரு தடவையும் இரண்டு மில்லிமீட்டர்

ஜியாயி
ஆகஸ்ட் 23

அன்புள்ள தம்பி ஜின்தெங்குக்கு,

போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. "அக்கா, கோடு நேரா போகுதா, வளையுதா? அதை மட்டும் சொல்லு, மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். முப்பத்தெட்டு வருடம் கணக்கு நடத்தியவளிடம் இப்படிச் சொன்னால் வருத்தம் வராதா? போகட்டும். நீ இன்று காலை கணினியில் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கோடு நேராகத்தான் போகிறது.

நேர் என்றால் என்ன அர்த்தம் என்பதையாவது சொல்ல விடு. உன் தேயிலைக் கொட்டகைக்குப் பின்னால் மலைச்சரிவில் இருக்கிற வெடிப்பு தினம் இரண்டு மில்லிமீட்டர் அகலமாகிறது. நேற்றும் இரண்டு, இன்றும் இரண்டு. மலை நகர்கிறது, ஆனால் நடையை மாற்றவில்லை. அதே கோடு அகப்பைக் காம்பு மாதிரி மேலே தூக்க ஆரம்பித்தால், என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. உன் பெண்டாட்டி ஷிங்ஜுவைக் கூட்டிக்கொண்டு கீழே வந்துவிடு.

சூறாவளி நம் பக்கம் திரும்பும் என்கிறார்கள். இங்கே வந்து இரண்டு நாள் இருங்கள் என்றால் ஏழாம் மாத ஆவிப் படையலைக் காரணம் காட்டுவாய், தெரியும். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உனக்குக் காது கேட்டால் தொலைபேசியில் புலம்பியிருப்பேன். தேயிலை உருட்டுகிற இயந்திரம் உன் காதைத் தின்றதில் எனக்கு நஷ்டம் இதுதான், எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

உன் அக்கா,
பியுன்


ஆகஸ்ட் 25, மாலை 4 மணி

அக்காவுக்கு,

நேத்து மதியத்தில் இருந்து மழை விடவில்லை. அதுவரை காலையில் ஒரு தரம்தான் அளப்பேன். மழை பிடித்ததும் மூணு மணிக்கு ஒரு தரம் போனேன். இன்னைக்கு விடிந்ததில் இருந்து மணிக்கு ஒரு தரம் போகிறேன். ஷிங்ஜு திட்டுகிறாள். காது கேட்காவிட்டாலும் அவள் திட்டுவது மட்டும் உதட்டில் நன்றாகத் தெரிகிறது. "நீ மலையைப் பார்த்துக்கறியா, மலை உன்னைப் பார்த்துக்குதா? ஈரச் சட்டை பிழிஞ்சு பிழிஞ்சு என் கை போச்சு!"

ஒவ்வொரு தடவையும் இரண்டு மில்லிமீட்டர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

மதியம் எல்லாரையும் கீழே கூட்டிப்போக ஊர்த் தலைவர் லாய் லாரி கொண்டுவந்தார். பதினாறு பேர் ஏறி உட்கார்ந்தும் விட்டார்கள். "உன் படம் என்னய்யா சொல்லுது?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். படத்தை எடுத்துக் கொட்டகைக் கதவில் ஒட்டினேன். லாய் கதவைக் காட்டிச் சிரித்தார். "டீச்சர் கத்துக்குடுத்த கோடு. ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கே!" என்றாராம், ஷிங்ஜு எழுதிக் காட்டினாள். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நாளைக்குப் படையல். வாத்துகள் வெந்துவிட்டன, மேசைகள் போட்டாயிற்று. பசியோடு வருகிற ஆவிகளுக்கு இலை போடாமல் ஊரை விட்டுப் போக யாருக்கும் மனசில்லை.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, அக்கா. நீ ஒரு தரம் பார்த்துச் சொல். நேரா, வளைவா?

ஜின்தெங்


ஆகஸ்ட் 25, மாலை 5 மணி

தம்பி,

பார்த்தேன். நேர்தான், ஒரு புள்ளிகூட விலகவில்லை. பயப்படாமல் சாப்பிட்டுப் படு. நாளை என் பெயருக்கும் ஒரு ஊதுபத்தி ஏற்றி வை.

பியுன்


ஆகஸ்ட் 26, காலை 6.10

ஜின்தெங்,

நான் சொன்னது தப்பு. முதலில் ஷிங்ஜுவிடம் சொல், "கிளம்பு" என்று. சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

காலையில் சர்க்கரைவள்ளிக் கஞ்சி வைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், ஒரு விரற்கடை பொங்கியிருந்தது. வழிந்துவிடுமே என்று ஒரு நிமிடத்தில் மறுபடி பார்த்தேன். மறுபடி ஒரு விரற்கடை. அரை நிமிடத்தில் இன்னொரு விரற்கடை. "ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுதானே" என்று நினைத்தேன், கஞ்சி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைக்கக்கூட மறந்து கணினிக்கு ஓடினேன்.

நாலு நாள் முன்பு ஒரு நாளில் இரண்டு மில்லிமீட்டர். பிறகு மூன்று மணி நேரத்தில் இரண்டு. நேற்று ஒரு மணி நேரத்தில் இரண்டு. தம்பி, இது ஒரே அளவா?

உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, படம் வரைகிற "ப்ளாட்" கட்டளையில், அடைப்புக்குள் அகலம் என்ற ஒரே பெயரைப் போடச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பெயர் மட்டும் கொடுத்தால் மென்பொருளுக்கு நேரம் தெரியாது. முதல் அளவு, இரண்டாம் அளவு, மூன்றாம் அளவு என்று சம இடைவெளியில் புள்ளி வைத்துக்கொண்டே போகும். ஒரு நாளுக்கும் ஒரு மணி நேரத்துக்கும் அதே இடம்தான் விடும். உனக்குப் பயம் கூடக் கூட நீ அடிக்கடி அளந்தாய். அடிக்கடி அளந்ததால் கோடு நேரானது.

நேரத்தையும் சேர்த்து இப்போது வரைந்தேன். கடைசி இரண்டு நாளில் கோடு சுவர் மாதிரி நிற்கிறது. அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

லாயைத் தொலைபேசியில் பிடித்தேன். "டீச்சர், நேத்து நேர்னீங்க, இன்னைக்கு வளைவுங்கறீங்க. மலை மாறிடுச்சா, நீங்க மாறிட்டீங்களா?" என்றார்.

"நான்தான் தப்பாப் பார்த்தேன், லாய். எல்லாரையும் ஏத்துங்க."

"லாரியில ஏத்தினவங்களை நான்தானே இறக்கினேன்! இப்ப என்னன்னு போய்ச் சொல்றது? கதவுல படம் இருக்கு, குழந்தைங்க வரைக்கும் பார்த்தாச்சு. ஜின்தெங் ஒட்டினதை ஜின்தெங்தான் மாத்தணும்."

மாற்று. அடைப்புக்குள் இரண்டு பெயர் போடு. முதல் அளவில் இருந்து எத்தனை மணி ஆயிற்று என்பது முதலில், அப்புறம் காற்புள்ளி, அப்புறம் அகலம். வருகிற படத்தைக் கதவில் ஒட்டு. இன்னொரு அளவு எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்று மட்டும் வெடிப்புப் பக்கம் போய்விடாதே. உன் புத்தி அப்படித்தான் போகும். வேண்டாம், தம்பி.

பியுன்


ஆகஸ்ட் 26, மாலை 5 மணி
பள்ளி உடற்பயிற்சிக் கூடம்

அக்காவுக்கு,

எல்லாரும் கீழே இருக்கிறோம். முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் கடிதம் வந்தபோது நான் அரை மணிக்கு ஒரு தரம் போய்க்கொண்டிருந்தேன். அதே இரண்டு மில்லிமீட்டர். நீ சொன்னபடி வரைந்தேன். படம் திரையில் வந்ததும் ஷிங்ஜு எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கும் தெரியாது, கணினியும் தெரியாது. பார்த்ததும் அடுப்பில் இருந்த வாத்தை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

பழைய படத்துக்குப் பக்கத்திலேயே புதுசை ஒட்டினேன். இரண்டும் ஒரே எண்கள் என்று கீழே எழுதினேன். லாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி, "இதுல எது பொய்?" என்று எழுதினார். "பொய் எதுவும் இல்லை. முதல் படத்துக்குக் கடிகாரம் தெரியாது" என்று எழுதினேன். அவர் லாரியின் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே நின்றார் போல, எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். பத்து மணிக்குக் கடைசி ஆள் ஏறினார். பன்னிரண்டு இருபதுக்கு மலை வந்தது. கொட்டகை இல்லை. வீடு இல்லை. நாற்பத்தொரு பேரும் இருக்கிறோம்.

இங்கே எல்லாரும் டீச்சர் காப்பாற்றினார் என்கிறார்கள். என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நேர் என்று சொன்னதும் அக்காதான் என்று எழுதிக் காட்டிவிட்டேன். கோபம் இருக்கிறது, அக்கா. நேற்றுச் சாயங்காலம் "சாப்பிட்டுப் படு" என்று எழுதினாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். படுத்தும் விட்டோமே.

ஆற்றுக்கு அக்கரை ஊரில் வெடிப்பு அளக்கிற சியு என்பவர் தண்ணீர்ப் பெட்டி வாங்க இங்கே வந்திருக்கிறார். என் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறார். படம் வரைவது எப்படி என்று நீ எனக்கு எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கக் குறிப்பின் நகல் அவரிடமும் இருக்கிறது. கை மாறிக் கை மாறி ஏழெட்டு ஊருக்குப் போயிருக்கிறதாம். தன் படத்தைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்துகிறார். நேர்க்கோடு. அவர் ஊர்க்காரர்கள் எல்லாரும் மேலேதான் இருக்கிறார்களாம்.

ஜின்தெங்


ஆகஸ்ட் 26, மாலை 5.15

தம்பி,

உன் கோபம் நியாயம். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன், நீ படிக்க மாட்டேன் என்றாலும் எழுதுவேன்.

சியுவை எழுந்து போக விடாதே. சட்டையைப் பிடித்துக்கொள். அந்தக் குறிப்பு எந்தெந்த ஊருக்குப் போயிற்று என்று அவரிடம் எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. ஒவ்வொரு ஊராக நான் கூப்பிடுகிறேன். கணக்கில் தவறு செய்த பிள்ளைகளை "மறுபடி போடு" என்று சுலபமாகச் சொல்லிப் பழகிவிட்டேன். எந்த ஊருக்கு நேரம் இருக்கிறது, எந்த ஊருக்கு இல்லை என்று இப்போது எனக்குத் தெரியாது. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவரிடம் இதை மட்டும் காட்டு: கோட்டைப் பார்க்க வேண்டாம்; படத்தின் அடியில் இருக்கிற எண்களைப் படியுங்கள், அவை ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால், நேரத்தை முதலில் கொடுத்து இப்போதே மறுபடி வரையுங்கள்.

பியுன்