மேல்நிலைப் பல்லி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முதுகுவலி குறைந்து, மறுபடி மூட்டை தூக்கப் போகிறார்.

என் புது வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு வேட்பாளருக்காக இணையத்தில் கருத்து எழுதுகிறோம். எனக்கு ஐந்து போன்கள், ஐந்து பெயர்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படியில் ஒளிகிற நான், மூன்றாவது போனில் ‘தெருச்சிங்கம்’. சிரிக்காதே. எதிர்த்து எழுதுகிற ஐந்து பேரும் என்னைப் போல ஒரே ஆள்தானோ என்று அடிக்கடி யோசிப்பேன்.

போன வாரம் வேட்பாளரின் வீடியோவுக்குக் கீழே, ரோஜாப்பூ படம் வைத்த ஒருவர், “எங்க பக்கம் மேல்நிலைப் பல்லி எப்ப வரும்?” என்று கேட்டிருந்தார். கேள்வி கேட்பவர்களைக் கிண்டல் செய்வதுதான் சிங்கத்தின் வேலை. “விளக்கைப் போடுங்க பெரியவரே, சுவர் மேல்நிலைக்கே வரும்” என்று எழுதினேன். எழுநூறு பேர் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் டீ வாங்கித் தந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா போனை நீட்டி, “சிங்கமாம், எவனோ என்னைக் கேலி பண்றான். நீ எட்டாவது வரைக்கும் படிச்சவளாச்சே, என்ன தப்புன்னு பாரும்மா” என்றார். அந்த ரோஜாப்பூ அப்பாதான், அக்கா. “பெரிய ள போடணும்பா” என்று மட்டும் சொன்னேன். “அட, பல்லியா கேட்டு வச்சேன்!” என்று அவரே சிரித்துவிட்டார். பிறகு, “உனக்குத்தான் கேட்காம விட்டேன், சின்னவளுக்காவது கேட்கிறேன்” என்றார். சின்னவளுக்கும் இந்த வருடத்தோடு எட்டாவது முடிகிறது.

வேடிக்கையைக் கேள். அந்தக் கிண்டல் நிற்கவே இல்லை. வேட்பாளர் எந்த வீடியோ போட்டாலும் “பல்லி எப்போ?” என்றுதான் கேட்கிறார்கள். நேரில் போய்க் கேட்டிருந்தால் அப்பாவை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இப்போது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வேட்பாளரே நேரலையில் வருகிறார். அந்தக் கேள்வி மேலே வராதபடி ஐந்து பெயரிலும் வேறு பேச்சு எழுப்பச் சொல்லியிருக்கிறார் மேற்பார்வையாளர்.

நான் ஐந்து போனையும் மேசையில் வைத்துவிட்டு, என் போனில், என் சொந்தப் பெயரில் கேட்கலாம் என்றிருக்கிறேன். திங்கட்கிழமை வேலை இருக்குமா, தெரியாது.

சிங்கம் யாரென்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்லிவிடாதே, நானே சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிறன்று நீயும் நேரலையில் இரு. என் பெயரைக் காணோம் என்றால் மறுபடி அடுப்படியில் ஒளிந்துவிட்டேன் என்று புரிந்துகொண்டு, நீயாவது கேட்டுவிடு, அக்கா. பெரிய ள, மறக்காதே.

உன் அன்புத் தங்கை