அம்மா சொன்னதாக நான் சொன்னது

மார்ச் 4

ஹோலிஸ்டர் சிரித்தாள். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. யாருக்கு எந்த வகுப்பு என்று முடிவு செய்கிற ஆலோசகர் அவள்தான். அடுத்த வருடம் கல்லூரித் தரக் கணக்கு வேண்டும் என்றேன். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி? சாதா கணக்கே நல்லா வருதுல்ல?" நல்லா வருகிறதா? வகுப்பில் முதல் ஆள் நான்! இந்த அமெரிக்கப் பள்ளியில் பாதிப் பேர் எங்களைப் போல மெக்சிகோக்காரர்கள். அந்த வகுப்பில் மட்டும் ஒருவர்கூட இல்லை. ஏன்? எங்களுக்கெல்லாம் மூளை கிடையாதா?

லாக்கரை உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

மார்ச் 7

பெற்றோர் வந்து கேட்கட்டும் என்று ஹோலிஸ்டர் சொல்லியிருந்தாள். அம்மா, ஆரஞ்சுப் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகை வேலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்து வந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வழக்கம்போல் நடுவில் நான். "இவளால தாங்க முடியாது" என்றாள் ஹோலிஸ்டர். அதை ஸ்பானிஷில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்ன சொன்னாள்? "டீச்சருக்குத் தெரியாததா? அவங்க சொல்றதையே கேளு, இட்செல்." எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடத்தில் சொன்னால் பாதிரியார் சொன்ன மாதிரி. எதிர்த்துப் பேசக் கூடாது.

நான் ஹோலிஸ்டர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்: "அம்மா அந்த வகுப்புதான் வேணுங்கிறாங்க."

சேர்த்துவிட்டாள். வெளியே வந்ததும் அம்மா, "நன்றி சொன்னியா?" என்றாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

மார்ச் 8

அம்மாவோடு பேசவில்லை. பொய் சொன்னது நான், கோபமும் எனக்கே. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 19

அந்தக் கணக்கு வகுப்பில் முதல் நாள். "வழி தெரியாம வந்துட்டியா?" என்று ஒருவன் கேட்டான். அன்பாகத்தான் கேட்டான். அதனால்தான் அறையலாம் என்று தோன்றியது.

அக்டோபர் 3

முதல் தேர்வில் தோல்வி. ஹோலிஸ்டர் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். இனி பொய் சொல்லத் தெம்பில்லை.

அக்டோபர் 6

"இப்பவே சாதா வகுப்புக்கு மாறிட்டா இவளுக்கு நிம்மதி" என்றாள் ஹோலிஸ்டர். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். மார்ச்சில் செய்ததையும் சொன்னேன். அம்மாவின் முகம் சிவந்தது. "என் வாயில உன் பேச்சை வெச்சியா? வீட்டுக்கு வாடி, இருக்கு உனக்கு." பிறகு ஹோலிஸ்டரைப் பார்த்தாள். அவள் அதே சிரிப்பில் காத்திருந்தாள்.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இந்தம்மாகிட்ட சொல்லு. இவ சேர்ந்தது நான் சொல்லி இல்ல. ஆனா இப்ப நான் சொல்றேன், இவ எங்கயும் மாற மாட்டா. தோத்தா என் பொண்ணு தோத்துட்டுப் போறா, உனக்கு என்ன வந்துச்சு? ஒரு வார்த்தை மாத்தாம சொல்லு."

சொன்னேன், ஒரு வார்த்தை மாற்றாமல்.

பிப்ரவரி 12

தேறிக்கொண்டிருக்கிறேன், தட்டுத் தடுமாறி. எதிர்வீட்டு யாதிராவும் அந்த வகுப்பைக் கேட்டாளாம். அவளைப் பார்த்தும் ஹோலிஸ்டர் சிரித்தாளாம். யாதிராவின் அம்மா, "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றிருக்கிறார்.

கொட்டகையிலிருந்து வந்த அம்மா கையைக்கூடக் கழுவவில்லை, நேரே அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.