பத்து டயர் மீட்பு லாரி

பிப்ரவரி 4, செவ்வாய்

பிரித்துவிட்டேன்! எட்டு மாதமாகப் பீரோ மேல் தூசி தின்றுகொண்டிருந்த பெட்டியை இன்று நான் கட்டுப்பல் செய்கிற லேபுக்கு எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேவிட்டேன். சாப்பிட மறந்துபோனேன்.

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, சின்னப் புள்ளை மாதிரி?"

"சின்னப் புள்ளைக்கெல்லாம் இது ஆகாது டாக்டர். நானூத்திப் பன்னெண்டு துண்டு!"

கிரேன் கொக்கி ஓர் அரிசி அளவுதான் இருக்கிறது. கட்டுப்பல் செட்டுக்குப் பல் அடுக்குகிற இடுக்கியால்தான் பிடிக்க முடிந்தது. இருபது வருஷமாகப் பிறத்தியாருக்குப் பல் செய்து பழகிய கை எதற்கு உதவுகிறது பார்!

ராணுவ மீட்பு லாரி. சேற்றில் சிக்கிய வண்டி, உடைந்துபோன வண்டி எல்லாவற்றையும் கட்டி இழுத்து வெளியே எடுக்கிற லாரி. நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. என் தங்கச்சி ஓட்டுகிற அதே ரகம். அதனால்தான் வாங்கினேன். அதனால்தான் எட்டு மாதம் பிரிக்கவும் இல்லை.

எங்கள் மாடல் கிளப்பின் கண்காட்சி மார்ச் 22. அவள் யூனிட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். வருவாளா? முதலில் லாரி ஆகட்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

பத்து டயரும் ஒட்டியாயிற்று. ஒன்பது நேர், ஒன்று கோணல். பிடுங்கினேன், மறுபடி ஒட்டினேன், இப்போது பத்தும் தரையைத் தொடுகின்றன. ஹா!

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். மேசையைப் பார்த்தாள். "டிரைவர் சீட்ல யாரு உக்காரப் போறாங்க?"

"பெட்டியில வந்த பொம்மைதான். வேற யாரு?"

"மீசை வச்ச பொம்மையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இவளிடம் எதையும் மறைக்க முடியாது. கண்கொத்திப் பாம்பு.

சரி, எழுதிவிடுகிறேன். எழுதினால் என்ன, குடியா முழுகிப்போகும்?

அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியை நான்தான் வளர்த்தேன். பதினோரு வயது சின்னவள். ராணுவத்தில் சேரச் சொல்லி அவளுக்கு ஆர்டர் வந்தபோது தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். வாங்கி, லேப் டிராயரில் பிளாஸ்டர் தாடைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஒன்பது நாள். ஏன்? பயம். வேற பெரிய காரணமெல்லாம் ஒண்ணும் கிடையாது. பயம்.

பத்தாம் நாள் அந்த ஆபீஸிலிருந்தே போன் வந்து குட்டு வெளிப்பட்டது. நாளைக்குள் வராவிட்டால் இடம் போய்விடும் என்றார்களாம். அவள் கத்தவில்லை. "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம். திருடியிருக்க வேண்டாம்" என்றாள். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள்.

மூன்று வருஷம், இரண்டு மாதம். ஞாயிறுதோறும் அண்ணிக்குப் போன் செய்வாள். நான் அறைக்குள் நுழைந்தால் போன் சமையலறைக்குப் போய்விடும். என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு வேண்டியது பரிசு இல்லை. அவள் வந்து இந்த லாரியைப் பார்க்கவேண்டும். திட்டினாலும் பரவாயில்லை, என்னைப் பார்த்துத் திட்டவேண்டும்.

பிப்ரவரி 15, சனி

பொம்மையின் மீசையைப் பல் ராவுகிற மெஷினால் எடுத்துவிட்டேன். அரை நொடி வேலை. நிஜத்திலும் இப்படி வலிக்காமல் சவரம் செய்ய முடிந்தால்! தொப்பிக்குக் கீழே புட்டிப் பசை வைத்து ஒரு கொண்டை போட்டேன். முதல் கொண்டை தக்காளி மாதிரி வந்தது. மூன்றாவது அச்சு அசல்.

உயரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். "அவ உயரம் எவ்வளவு?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கூடப் பொறந்தவ உயரம் உங்களுக்குத் தெரியாதா?"

பாவம் பார்த்துச் சொன்னாள்: நூற்று அறுபத்து மூன்று. முப்பத்தைந்தால் வகுத்தால் நாலு சென்டிமீட்டர், ஆறரை மில்லி. பொம்மை எட்டு மில்லி அதிகம். இடுப்பில் அறுத்துச் சுருக்கினேன். இப்போது அவள்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சேறு! இன்று சேறு போட்டேன்!

லேப் பிளாஸ்டர், மண் நிறப் பெயின்ட், வடிகட்டிய டீத்தூள். டீத்தூள்தான் ரகசியம், அழுகின இலை மாதிரியே படிகிறது. மனைவி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள்.

இரண்டடிப் பலகை. இடது ஓரத்தில் லாரி. வலது ஓரத்தில் அச்சு வரை அமிழ்ந்துபோன ஜீப், பக்கத்தில் முழங்கால் சேற்றில் நின்று கையை ஆட்டிக் கூப்பிடுகிற ஒரு சிப்பாய். லாரி மூக்கு ஜீப்பைப் பார்த்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லாமல் மொட்டையாக இருந்தது. அதனால் உதிரி டயரை விரலில் மாட்டி, லாரியின் மூக்கிலிருந்து ஜீப் வரைக்கும் உருட்டி, டயர் தடம் பதித்தேன். என்ன ஒரு வளைவு! பார்க்கிறவன் கண் வழுக்கிக்கொண்டு போய் ஜீப்பில் நிற்கும்.

எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. தட்டிக்கொடுத்தேன். சட்டையெல்லாம் சேறு.

பிப்ரவரி 25, செவ்வாய்

காய்ந்துவிட்டது. ஒரு விரிசல் இல்லை!

மார்ச் 5, புதன்

சேற்றில் நிற்கிற சிப்பாய்க்குப் பெயின்ட் முடிந்தது. மனைவி குனிந்து பார்த்தாள். "இவரு உங்கள மாதிரியே இருக்காரு. தொப்பையும் அதே."

சும்மா சொல்கிறாள். அது சட்டை மடிப்பு.

மார்ச் 9, ஞாயிறு

கிளப் கூட்டம். லாரியைப் பார்த்ததும் எட்டுப் பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். எங்கள் தலைவரை எல்லோரும் பசை சார் என்போம், அவர் விரலில் பசை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் ஒருவரையும் லேசில் பாராட்டமாட்டார். இன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நடு மேசை உங்களுக்குத்தான்" என்றார். நடு மேசை! தலை கால் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மானம் கப்பலேறிவிட்டது.

மனைவி என்னைக் கேட்காமல் லாரியைப் படமெடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறாள். பதில் வந்தது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணி, லாரி இன்னும் அங்க போகவே இல்லையே. அதுக்குள்ள அதுக்கு முன்னாடி டயர் தடம் எப்படி வந்துச்சுன்னு செஞ்சவர்கிட்ட கேளுங்க."

பார்த்தேன். லாரியைப் பார்த்தேன். தடத்தைப் பார்த்தேன். ஐயோ! ஒரு வண்டிக்குத் தடம் பின்னால்தானே விழும்? போகாத இடத்தில் யார் உருட்டியது? கிளப்பில் எட்டுப் பேர் பார்த்தார்கள், பதினாறு கண், பசை சார் கண்ணாடியோடு சேர்த்தால் பதினெட்டு. ஒருத்தருக்கும் தெரியலையே!

"உன்னை யாரு அனுப்பச் சொன்னது?" என்று மனைவி மேல் பாய்ந்தேன். அவள் அசரவில்லை. "படத்த எத்தனை தடவ பெருசு பண்ணிப் பாத்திருப்பா, அத யோசிங்க" என்றாள்.

யோசித்தேன். ஆமாம். பார்த்திருக்கிறாள். உற்றுப் பார்த்திருக்கிறாள். மூன்று வருஷத்தில் எனக்கென்று அவள் அனுப்பிய முதல் வார்த்தை. மூக்கு உடைபட்டுப்போன மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா? இருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

இன்னும் பத்து நாள். தடத்தை ராவி எடுக்கப் பார்த்தேன். பிளாஸ்டர் கல்லாகிவிட்டது. ஒரு துண்டு பெயர்ந்து தெறித்தது. கத்தினேன். மனைவி வந்து மெஷின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"தப்பைக் கண்டுபிடிச்சவகிட்டயே வழி கேளுங்க. நான் என்ன போஸ்ட்மேனா, நடுவுல ஓடிக்கிட்டே இருக்க?"

போனை எடுத்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்து ஆறு வரி அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். கடைசியில் போனது இவ்வளவுதான்: "தடம் தப்புதான். எப்படிச் சரி பண்றது?"

கோழை.

மார்ச் 13, வியாழன்

குரல்! அவள் குரல்! நாற்பது நொடி!

லேபில் ஒருவருக்கு மேல் வரிசைப் பல் அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் மினுங்கியது.

"தடத்தத் தொடாதீங்க. தடம் சரியாத்தான் இருக்கு, ஜீப்புதான் தப்பான பக்கம் இருக்கு. சிக்கின வண்டிகிட்ட நாங்க மூக்க நீட்டிக்கிட்டுப் போக மாட்டோம். ரிவர்ஸ்லதான் போவோம். கிரேன், இழுக்கிற கம்பிக் கயிறு எல்லாம் பின்னாடிதான இருக்கு? ஜீப்ப லாரிக்குப் பின்னாடி வைங்க. வந்த வழி மூக்குக்கு முன்னாடி இருக்கும். அவ்வளவுதான்."

எப்போதும் நீ, வா, போ என்றவள் வாங்க போங்க என்று பேசுகிறாள், என்னிடம். அது சுருக்கென்று தைத்தது. ஆனால் பேசிவிட்டாள். பதினொரு தடவை கேட்டேன். டாக்டர் வந்து பல் வரிசையைத் தூக்கிப் பார்த்து, "முன்பல்லு எங்கய்யா கடைவாய்க்குப் போச்சு?" என்றார்.

மார்ச் 15, சனி

பலகையை அறுத்துவிட்டேன். ஆமாம், ரம்பம் போட்டு! ஜீப்பும் சிப்பாயும் இருந்த வலது துண்டை வெட்டியெடுத்து, லாரியின் வாலுக்குப் பின்னால், இடது பக்கம் கொண்டுபோய் ஒட்டினேன். ஒட்டில் புதுச் சேறு. லாரி அசையவே இல்லை, ஆனால் ஆளே மாறிவிட்டது. நேற்று வரை மூக்கை நீட்டிக்கொண்டு சும்மா நிற்கிற வண்டி மாதிரி இருந்தது, இப்போது பின்னால் ஊர்ந்து ஊர்ந்து சிக்கினவனிடம் வருகிறது.

படமெடுத்து நானே அனுப்பினேன். ஐந்தே நிமிஷம்: "ஜீப் என்ன, வானத்துலேர்ந்து விழுந்துச்சா? அதுக்குத் தடம் எங்க?"

அட, ஆமாம்! சேறு ஈரமாக இருக்கும்போதே ஜீப்புக்கும் ஒரு தடம் போட்டேன். மனைவி சமையலறையில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

அடுத்த உத்தரவு: "ரிவர்ஸ் எடுக்கறப்ப யாராவது நேராப் பாப்பாங்களா? டிரைவர் தலையத் திருப்புங்க."

மெல்லிய வட்டத்தகட்டால் பொம்மையின் கழுத்தை அறுத்தேன். பொம்மைதான், இருந்தாலும். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிப் பின்னால் பார்க்கிற மாதிரித் திருப்பி ஒட்டினேன்.

இப்போது அவள் சேற்றில் நிற்கிறவனைப் பார்க்கிறாள். நேராக.

மேசையை விட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். சரி, அவன் என்னை மாதிரித்தான் இருக்கிறான். தொப்பையும்தான்.

மார்ச் 17, திங்கள்

அனுப்பிவிட்டேன். அழிக்காமல். "உன் ஆர்டரை ஒளிச்சு வச்சது திருட்டுதான். பயத்துல பண்ணினேன், ஆனா பயம்னு சொன்னா சரியாயிடாது. உன் வாழ்க்கைய நாசமாக்கப் பாத்தேன். என்னை மன்னிச்சிடு."

படித்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

பதில்: "கம்பிக் கயித்துல துரு ஜாஸ்தி. எங்க வண்டியில கிரீஸ் போட்டுக் கருப்பாத்தான் இருக்கும்."

மன்னிப்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கயிற்றுக்குக் கருப்பு அடித்தேன்.

மார்ச் 22, சனி

கண்காட்சி. நடு மேசை. அவள் வரவில்லை.

காலை பத்திலிருந்து வாசலையே பார்த்துக் கழுத்து வலிக்கிறது. டூட்டியாம், மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். நிஜமா, சாக்கா? கேட்கவில்லை.

நடுவர் ஒருவர், "தடம் முன்னாடி இருக்கே, தப்பாச்சே?" என்று ஆரம்பித்தார். எனக்கு வந்ததே உற்சாகம்! ரிவர்ஸ், கிரேன், கயிறு, கிரீஸ், கழுத்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார். "இந்த வண்டி ஓட்டுறவ. என் தங்கச்சி" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஒரு விமானத்துக்கு. விமானத்துக்கு என்ன, தடமா வேணும்?

ஏப்ரல் 3, வியாழன்

மனைவி லேபுக்கே ஓடிவந்துவிட்டாள், மூச்சு வாங்க. தங்கச்சி, லாரியின் படத்தை அவள் ஒர்க்‌ஷாப் அதிகாரியிடம் காட்டினாளாம். புது டிரைவர்கள் எல்லாம் மூக்கை நீட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் மாட்டுகிறார்களாம். பயிற்சி அறை மேசையில் வைக்க லாரியைக் கேட்கிறார்கள்! கொடுப்பேனா என்று கேட்கச் சொன்னாளாம். கொடுப்பேனாவா! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஏப்ரல் 12, சனி

மூன்று மணி நேரம் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர், "கேக்கா சார்?" என்றார். "லாரி" என்றேன். அப்புறம் அவர் என் பக்கமே வரவில்லை.

யூனிபாரத்தில் வந்தாள். தோள் அகலமாகிவிட்டது. என்னைப் பார்க்கவில்லை, பெட்டியை வாங்கிப் பயிற்சி அறை மேசையில் வைத்துத் திறந்து, குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொண்டை நல்லா இருக்கு" என்றாள். அப்புறம், "சேத்துல நிக்கிறது யாரு, நீயா?"

"ஆமா."

சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்து தொலைத்தது. "சும்மா இரு, எல்லாரும் பாக்கறாங்க" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. நிஜ லாரியில் ஏற்றினாள். டயரே என் நெஞ்சு உயரம் இருக்கிறது! சீட்டுக்கு நான் அடித்தது பச்சை, நிஜத்தில் கருப்பு. அவளே கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ரிவர்ஸ் எடுத்துக் காட்டினாள், ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், பயத்தில் இல்லை.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. கேட்டில் உள்ளே போக ஒரு சீட்டு எழுதுகிறார்கள். காவலுக்கு நின்றவர் பேனாவோடு, "மேடம், இவரை யாருன்னு போடட்டும்?" என்றார். அவள் பேனாவை வாங்கி அவளே எழுதினாள். வெளியே வரும்போது சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், எவ்வளவு கேட்டும் தரவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வந்த நேரம்: 10.40. கொண்டுவந்த பொருள்: லாரி ஒன்று, ஜீப் ஒன்று. உறவு: அண்ணன்.