டீசல் கலக்காத எண்ணெய்

மச்சான்,

இன்று கடையில் ஒரு வாடிக்கையாளர் மூக்கைச் சுருக்கினார். "இன்வெர்ட்டர் கடையில ஏன் சார் மண்ணெண்ணெய் வாசனை?" என்றார். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். நேற்று உன் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றிய வாசனை இன்னும் போகவில்லை.

உன் வருஷத் திதிக்குப் பந்தல், நாற்காலி பேசத்தான் போன மாதம் சிதம்பரம் வந்தேன். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, பரணிலிருந்து அந்த விளக்கை இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"திதியன்னிக்கு இது எரியணும் அண்ணே. அவுங்க கடைசி வரைக்கும் இதத் தொடவே இல்ல. உங்களால முடியலன்னா சொல்லுங்க, பித்தளைக்குப் போட்டுடறேன்."

முடியலன்னா என்று யாராவது சொன்னால் நான் விடுவேனா? கடலூர் செம்மண்டலத்துக்குத் தூக்கிவந்து கடை மேசையிலேயே பிரித்துவிட்டேன். டேங்கில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. ரேஷனில் மண்ணெண்ணெய் ஏது இப்போது? துறைமுகத்தில் ஒரு படகுக்காரரிடம் கேட்டு வாங்கி இரண்டு நாள் ஊறவைத்தேன். பம்பின் தோல் வாஷர் அப்பளமாகக் காய்ந்திருந்தது, விளக்கெண்ணெயில் போட்டதும் இளகிவிட்டது. காற்றடித்து டேங்கை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கை எதையும் மறக்கவில்லை என்று எனக்கே பெருமை.

பிறகு எண்ணெய் ஆவியாகிப் பீறிடும் நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழை அளவு இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் கிழிந்து அகன்றிருந்தது. ஊசி போட்ட கீறல். யார் ஊசி என்று யோசிக்க நேரம் ஆகவில்லை.

நாம் இருவரும் கூட்டாக எட்டு விளக்கு வாடகைக்கு விட்ட காலம். அண்ணாமலை நகரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அன்று மதியம் நான் தையல் ஊசியால் நிப்பிளை நோண்டிக்கொண்டிருந்தேன்.

"என்னடா பண்ற?"

"துளை பெருசானா வெளிச்சம் ஜாஸ்தி வரும் மச்சான். முன்னால போற லைட்டு பளிச்சுன்னு இருந்தா, பாக்குறவன் அடுத்த கல்யாணத்துக்கும் நம்மளத்தான் கூப்பிடுவான்."

"கூப்பிடுவான், அடிக்கிறதுக்கு. வை கீழ."

வைத்தேன். நீ எண்ணெய் வாங்கப் போனதும் இன்னும் இரண்டு திருகு திருகினேன்.

சாயங்காலம் ஊர்வலம் முதல் முனை திரும்புவதற்குள் மேன்டில் வலை கறுத்து, தீ மூடிக்கு மேல் எழும்பியது. பெண்கள் சிதறி ஓடினார்கள். நீதான் கையில் துண்டைச் சுற்றி விளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடிக் காற்றைத் திறந்துவிட்டாய். உள்ளங்கை வெந்துபோனது. மாப்பிள்ளையின் சித்தப்பா என் சட்டையைப் பிடித்தார். வாய் முந்திக்கொண்டது.

"எண்ணெய்ல டீசல் கலந்திருக்கு சார். இவன்தான் வாங்கிட்டு வந்தான்."

நீ என்னைப் பார்த்தாய். "ஆமா சார், நான்தான் வாங்கினேன்" என்றாய்.

அதோடு கூட்டு முறிந்தது. நான் கடலூர் வந்து ஜெனரேட்டர், பேட்டரி என்று ஏறினேன். உனக்கு டீசல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடுகளில் பார்த்தால் நானே கூப்பிடுவேன், "என்ன டீசலு, சௌக்கியமா?" என்று. "உன் ஜெனரேட்டருக்குத்தான்டா கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன்" என்று சிரிப்பாய். சொல்லிச் சொல்லி அந்தக் கதையை நானே நம்பிவிட்டேன். எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் குறை தேடுகிறவன், என் கை பட்ட அந்த ஒன்றை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

தங்கச்சிக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"அதான் தெரியுமே அண்ணே. ஊசி குத்துன வேலைன்னு அவுங்க அன்னிக்கே சொன்னாங்க. உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"அப்புறம் ஏன் அவன் என்னைக் கேக்கல?"

"நானும் அவுங்களக் கேட்டேன். 'எனக்குக் கை இருக்குடி, எங்கேயும் ரிப்பேர் பண்ணிப் பொழச்சுக்குவேன். அவனுக்கு யாவாரத்துக்கு வாய்தான் முதல். அத யாரும் நம்பலன்னா அவன் என்ன பண்ணுவான்'னாங்க."

போனை வைத்துவிட்டுப் புது நிப்பிள் தேடக் கிளம்பினேன். புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது.

நேற்று மாலை உன் வீட்டுக் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். ஸ்பிரிட் ஊற்றிச் சூடு காட்டிப் பம்பு அடித்தேன். புஸ்ஸென்ற அந்த இரைச்சலோடு மேன்டில் வெள்ளையாகப் பூத்தது. உன் பங்காளி ஒருவர், "அட, டீசல் அண்ணன் லைட்டு எரியுதே!" என்றார். கூடமே சிரித்தது.

"இனிமே அந்தப் பேரு வேணாங்க" என்றேன். "அன்னிக்கு அவன் வாங்குனது நல்ல எண்ணெய். துளையப் பெருசாக்குனது நான். பழிய அவன் மேல போட்டதும் நான்."

சிரிப்பு நின்றது. "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு மாமா?" என்றான் உன் தம்பி மகன்.

"இப்பத்தான்டா திறந்து பார்த்தேன்."

தங்கச்சி, "பம்பு அடிங்கண்ணே, வெளிச்சம் குறையுது" என்றாள். அடித்தேன்.

பழைய நிப்பிள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. மூக்கைச் சுருக்கிய அந்த வாடிக்கையாளர் இன்வெர்ட்டர் நின்றுபோச்சு என்று வந்தவர். என் மெக்கானிக் பார்த்த உடனே, "இவரு பேட்டரிக்குத் தண்ணி ஊத்தல சார்" என்று என் காதில் சொன்னான். வழக்கமாக அதையே நானும் சொல்லி அனுப்பியிருப்பேன்.

"முதல்ல நாம மாட்டின வயரைப் பாரு" என்றேன்.

பார்த்தான். நம் வயர்தான் கழன்றிருந்தது. அதை அவரிடம் நானே போய்ச் சொன்னேன், மச்சான். எனக்கு வாய்தானே முதல்.